பிரேக் ஆயில் குறைந்தால் பெடல் ஏன் கீழே போகிறது? 39 வயதில் மறைந்த பாஸ்கலின் விதியும் வாழ்க்கையும்

லோடு ஏற்றிய குட்டி யானை ஒன்று மேம்பாலத்தில் இருந்து இறங்குகிறது. டிரைவர் பிரேக்கை மிதிக்கிறார். வழக்கமாகப் பாதியிலேயே கெட்டியாக நிற்கும் பெடல், அன்றைக்கு கிட்டத்தட்ட தரை வரை போய்விடுகிறது. இரண்டு மூன்று முறை பம்ப் அடித்த பிறகுதான் வண்டி பிடிக்கிறது. மெக்கானிக்கிடம் போனால் முதலில் அவர் திறந்து பார்ப்பது ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவை. பிரேக் ஆயில் டப்பா. பல வண்டிகளில் மாதக்கணக்கில் யாரும் எட்டிப் பார்க்காத டப்பா அது.

ஒரு டம்ளர் அளவுக்கு இருக்கும் அந்த ஆயில், லோடோடு சேர்த்து இரண்டு டன் வரும் வண்டியை எப்படி நிறுத்துகிறது? அது குறைந்தால் ஏன் பெடல் இறங்குகிறது? இந்தக் கேள்விகளுக்கான பதிலை 1650களிலேயே எழுதி வைத்துவிட்டுப் போனவர் பிளேஸ் பாஸ்கல். பிரான்ஸ்காரர். மோட்டார் வண்டி என்ற ஒன்றையே பார்க்காதவர். ஆனால் பாரிஸ் நகரத்துக்கு முதல் பொதுப் போக்குவரத்து வண்டியை ஓடவிட்டவர்களில் அவரும் ஒருவர்!

யார் இந்த பாஸ்கல்?

1623ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் தேதி, பிரான்சின் நடுப்பகுதியில் இருக்கும் கிளெர்மோன் நகரில் பிறந்தார். மூன்று வயதில் அம்மா இறந்துவிட்டார். அக்கா கில்பெர்த், தங்கை ஜாக்குலின், இவர் என மூன்று குழந்தைகளையும் அப்பா எத்தியேனே வளர்த்தார். வரி நிர்வாகத்தில் வேலை பார்த்தாலும் கணிதத்தில் ஆர்வம் கொண்டவர் அவர். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார். 1631இல் குடும்பம் பாரிசுக்குக் குடிபெயர்ந்தது.

அப்பாவிடம் ஒரு விசித்திரமான கட்டுப்பாடு இருந்தது. முதலில் மொழிகள், கணிதம் அப்புறம்தான். பையன் கணிதத்தில் விழுந்தால் மற்றதெல்லாம் போய்விடும் என்ற பயம். வீட்டில் இருந்த கணிதப் புத்தகங்களை எல்லாம் மறைத்து வைத்துவிட்டார். தடுத்தால் சும்மா இருக்குமா பிள்ளை? 12 வயதுப் பையன் தரையில் கரித்துண்டால் கோடு போட்டு, கோட்டுக்கும் வட்டத்துக்கும் தானே ஒரு பெயர் வைத்து, முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்தால் இரண்டு செங்கோணம் என்பதை நெருங்கிவிட்டான் என்று அக்கா பின்னால் எழுதிய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. தம்பி மீது அளவில்லாத பாசம் வைத்திருந்தவர் அந்த அக்கா, அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் 16 வயதில் கூம்பு வெட்டுகள் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1640இல் அச்சாகி இன்றும் இருக்கிறது.

தங்கையின் நாடகமும் அப்பாவின் வேலையும்

1638இல் குடும்பத்துக்குப் பெரிய சிக்கல் வந்தது. அரசு பத்திரங்களில் போட்ட பணத்துக்கு வட்டி குறைக்கப்பட, எதிர்ப்பு தெரிவித்தவர்களில் பாஸ்கலின் அப்பாவும் ஒருவர். அன்றைக்கு பிரான்சை ஆட்டிப் படைத்த கார்டினல் ரிஷலியோவின் கோபத்துக்கு ஆளாகி, பிள்ளைகளை விட்டுவிட்டுத் தலைமறைவானார்.

அடுத்த வருடம் ரிஷலியோ முன்னால் குழந்தைகள் நடித்த நாடகம் ஒன்றில் 13 வயது ஜாக்குலினும் நடித்தாள். நடிப்பைப் பார்த்து அவர் மகிழ்ந்த நேரத்தில், அப்பாவை மன்னிக்கும்படி கேட்டாள். மன்னிப்பும் கிடைத்தது, ரூவான் நகரில் வரி நிர்வாகப் பொறுப்பும் கிடைத்தது.

அந்த வேலைதான் மகனை ஒரு இயந்திரத்துக்கு இழுத்துக்கொண்டு போனது. அப்பா இரவெல்லாம் உட்கார்ந்து வரிக்கணக்கு கூட்டிக்கொண்டிருந்தார். அன்றைய பிரெஞ்சுக் காசு 12 தெனியே சேர்ந்தால் ஒரு சூ, 20 சூ சேர்ந்தால் ஒரு லீவ்ர் என்று இருந்தது. கூட்டுவதற்குள் தலை சுற்றிவிடும். 1642இல், 19 வயதில், சக்கரங்களைச் சுழற்றினால் தானாகக் கூட்டிக் கழிக்கும் பெட்டி ஒன்றைச் செய்யத் தொடங்கினார் பாஸ்கல். ஒன்று சரியில்லை என்றால் இன்னொன்று என்று 50க்கும் மேற்பட்ட மாதிரிகள். அவர் வடிவத்தைப் பார்த்து ரூவானில் ஒரு கைவினைஞர் தானாக ஒன்றைச் செய்துவிட, மனம் வெறுத்துக் கொஞ்ச நாள் அதை அப்படியே கைவிட்டார். 1649இல் அரசரிடம் தனி உரிமை வாங்கினார். ஆனாலும் விலை அதிகம், வாங்க ஆள் குறைவு. வியாபாரமாக அது தோல்விதான்.

மலை ஏறிய மைத்துனர்

அடுத்து அவர் கை வைத்தது காற்றில். பாதரசம் நிரப்பிய கண்ணாடிக் குழாயைத் தலைகீழாகக் கவிழ்த்தால், பாதரசம் முழுக்க இறங்காமல் ஒரு உயரத்தில் நின்றுவிடும். இத்தாலியில் டாரிசெல்லி செய்து காட்டிய சோதனை இது. அதைத் தாங்கி நிற்க வைப்பது எது? வெளியில் இருக்கும் காற்றின் எடைதான் என்றால், மலை உச்சியில் காற்று குறைவு, பாதரசமும் குறைய வேண்டும்.

பாஸ்கலுக்கு உடம்பு சரியில்லை, அவர் பாரிசில் இருந்தார். சொந்த ஊரில் இருந்த அக்கா கணவர் ஃப்ளோரின் பெரியேவுக்குக் கடிதம் எழுதி வேலையை ஒப்படைத்தார். 1648 செப்டம்பர் 19ஆம் தேதி, பெரியே ஊர்ப் பெரியவர்கள் சிலரோடு பூய் த டோம் மலையில் ஏறினார். கீழே மடத்தில் ஒரு துறவி இன்னொரு குழாயை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அசையவே இல்லை. உச்சிக்குப் போன குழாயில் பாதரசம் சுமார் 3 அங்குலம் இறங்கியிருந்தது. அளந்தவர்கள் நம்பவில்லை, உச்சியிலேயே இடம் மாற்றி மாற்றி மறுபடியும் அளந்தார்கள். ஒரே விடைதான்.

அந்தச் சோதனையில் இருந்துதான் பிரேக் கதை பிறக்கிறது. காற்றில் இருந்து பாஸ்கல் திரவத்துக்கு வந்தார்.

ஒருவர் அழுத்தினால் நூறு பேர் பலம்

1653, 54 வாக்கில் அவர் எழுதிய நூல், திரவங்களின் சமநிலை பற்றியது. அதில் வரும் ஏற்பாடு ரொம்ப எளிமை. நாலாபுறமும் மூடிய பாத்திரம், உள்ளே முழுக்கத் தண்ணீர். மேலே இரண்டு திறப்பு, ஒன்று சின்னது, இன்னொன்று அதைவிட நூறு மடங்கு பெரியது. இரண்டிலும் பொருத்தமாக ஒரு பிஸ்டன். சின்ன பிஸ்டனை ஒரு ஆள் அழுத்தினால், பெரிய பிஸ்டனை நூறு பேர் அழுத்தும் பலத்துக்கு அது ஈடு கொடுக்கும். காரணம், மூடிய திரவத்தில் ஒரு இடத்தில் கொடுக்கும் அழுத்தம் குறையாமல் எல்லாப் பக்கமும் போய்ச் சேருகிறது. பரப்பு எவ்வளவு பெருசோ, அவ்வளவு விசை.

இலவசமாக எதுவும் இல்லை என்பதையும் அவரே சொல்லிவிட்டார். சின்ன பிஸ்டன் நூறு அங்குலம் இறங்கினால்தான் பெரிய பிஸ்டன் ஒரு அங்குலம் நகரும். விசை கூடிய அளவுக்கு நகர்வு குறையும்.

இப்போது டப்பாவைத் திறந்த மெக்கானிக்கிடம் திரும்பலாம். காலால் மிதிக்கும் பெடல், மாஸ்டர் சிலிண்டரில் இருக்கும் பிஸ்டனைத் தள்ளுகிறது. அங்கிருந்து குழாய் வழியாக ஆயில் நான்கு சக்கரத்துக்கும் போகிறது. அங்கே இருக்கும் பிஸ்டன்கள் பேடையோ ஷூவையோ தள்ளுகின்றன. பாஸ்கல் சொன்ன பாத்திரம்தான், குழாயாக நீண்டிருக்கிறது, அவ்வளவுதான். (பெரிய லாரி, பஸ்களில் இருப்பது ஏர் பிரேக், அது வேறு கதை. லோடு ஆட்டோ, மினி லாரி, ஃபோர்க்லிஃப்ட் போன்றவற்றில்தான் ஆயில் பிரேக்கைப் பார்க்கலாம்.)

சக்கரத்தில் நகர்வு மிகக் குறைவு என்பதால், அங்கே ஒரு மில்லிமீட்டர் இடைவெளி கூடினாலும் பெடலில் அது பல மடங்காகத் தெரியும். டிரம் பிரேக்கில் லைனிங் தேய்ந்து, அட்ஜஸ்ட் பண்ணாமல் விட்டால் பெடல் ஆழமாகப் போவது இதனால்தான். அப்போது டப்பாவில் ஆயில் ஓரளவு சரியாகவே இருக்கும். பெடல் இறங்கினால் உடனே ஆயில் ஊத்து என்பது எப்போதும் சரியான வைத்தியம் இல்லை.

காற்று புகுந்தால்?

ஆயில் டப்பாவில் மட்டம் ரொம்பக் கீழே போய்விட்டால், மாஸ்டர் சிலிண்டர் ஆயிலோடு காற்றையும் இழுத்துவிடும். பாஸ்கலின் விதி திரவத்துக்குச் சரி, ஏனென்றால் திரவத்தைக் கசக்கிச் சின்னதாக்குவது ரொம்பக் கஷ்டம். காற்று அப்படி இல்லை. காற்றின் எடை பற்றி எழுதிய இன்னொரு நூலில் பாஸ்கல் காற்றைக் கம்பளிக் குவியலோடு ஒப்பிடுகிறார். மேலே இருக்கும் கம்பளியின் பாரத்தில் கீழே இருப்பது அமுங்கிக் கிடக்கும் என்பது அவர் சொன்ன விளக்கம். டிரைவர்கள் பெடல் பஞ்சு மாதிரி இருக்கு என்று சொல்வதும் கிட்டத்தட்ட அதே ஒப்பீடுதான். குழாயில் காற்று இருந்தால், காலின் அழுத்தம் முதலில் அந்தப் பஞ்சை அமுக்கவே செலவாகிறது. சக்கரத்துக்குப் போய்ச் சேருவது மிச்சம் மீதிதான்.

பம்ப் அடித்தால் பிடிக்கிறதே என்று அப்படியே ஓட்டுவது ஆபத்து. காற்று புகுந்துவிட்டால் மேலே ஆயில் ஊத்தினால் மட்டும் போதாது. சக்கரம் சக்கரமாக நிப்பிளைத் திறந்து ஏர் எடுக்க வேண்டும். ஏர் எடுக்கும்போதும் டப்பா காலியாகாமல் ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எடுத்த காற்று மறுபடி உள்ளே போகும்.

சரி, ஆயில் ஏன் குறைகிறது? இரண்டு காரணம். பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை ஆயில் நிரப்பும். அதனால் மட்டம் மெதுவாக இறங்குவது இயல்பு. பேட் தேய்ந்த வண்டியில் மேல்கோடு வரை ஊத்தி வைத்தால், புது பேட் போடும்போது பிஸ்டன் உள்ளே போக, ஆயில் பொங்கி வெளியே வரும். பெயின்ட் மேல் பட்டால் உரிந்துவிடும். ஆனால் ஒரே வாரத்தில் மட்டம் சட்டென்று இறங்கினால் அது தேய்மானம் இல்லை, லீக். சக்கரத்தின் உட்பக்கம், ஓஸ், பெடலுக்குப் பின்னால் என்று தேடித்தான் ஆக வேண்டும். சரிசெய்யாமல் தினமும் ஊத்திக்கொண்டே ஓட்டுவது, எந்த இறக்கத்தில் கைவிடும் என்று தெரியாமல் ஓட்டுவதுதான்.

தண்ணீரும் எதிரிதான். டாட் 3, டாட் 4 என்று விற்கும் ஆயில்கள் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டவை. புது டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதிமுறை. ஈரம் ஏறிய நிலையில் அந்த வரம்பு 140 டிகிரி. டாட் 4க்கு இது 230, 155. லோடோடு நீண்ட இறக்கத்தில் விடாமல் பிரேக்கை மிதித்துக்கொண்டு வரும்போது சூட்டில் ஆயில் கொதித்தால் ஆவி வரும். ஆவியும் பஞ்சுதான். மட்டம் சரியாக இருந்தும் பெடல் கீழே போகும். பல வண்டிகளுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றச் சொல்வது இதனால்தான். திறந்து வைத்த பழைய பாட்டிலில் இருந்து ஊத்தக் கூடாது என்பதும் இதனால்தான்.

இன்னொன்று, சில கட்டுமான இயந்திரங்களின் பிரேக்குக்கு டாட் ஆயிலே ஆகாது, மினரல் ஆயில்தான் போட வேண்டும். மாற்றி ஊத்தினால் ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும். டாட் ஆயில் பிரேக்கில் இன்ஜின் ஆயிலை ஊத்தினாலும் அதே கதி. மூடியிலும் மேனுவலிலும் எழுதியிருப்பதைப் படிப்பது அரை நிமிட வேலை. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, மூடியைச் சுற்றி இருக்கும் மண்ணைத் துடைத்துவிட்டுத் திறக்க வேண்டும்.

பாஸ்கலின் விதியில் குறை எதுவும் இல்லை, குறை எல்லாம் சீலில்தான். 1795இல் இங்கிலாந்தில் ஜோசப் பிராமா இந்த விதியை வைத்து ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கியபோதும், பிஸ்டன் ஓரத்தில் தண்ணீர் கசிவதுதான் தலைவலி. அவரிடம் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லே, அழுத்தம் கூடக் கூடத் தானே இறுகிக்கொள்ளும் தோல் சீலைக் கண்டுபிடித்ததாகச் சொல்லப்படுகிறது. அமெரிக்காவில் மால்கம் லாக்ஹீட் 1917இல் காருக்கான ஹைட்ராலிக் பிரேக்குக்கு விண்ணப்பித்தார், 1921இல் டியூசன்பர்க் கார் நான்கு சக்கரத்திலும் அந்த பிரேக்கோடு வந்தது. கிரைஸ்லர் 1924இல் அதை எடுத்துக்கொண்டபோது, அதன் இன்ஜினியர்கள் செய்த முக்கிய வேலை தோலை எடுத்துவிட்டு ரப்பர் சீலைப் போட்டதுதான்.

கோட்டுக்குள் தைத்த காகிதம்

இதையெல்லாம் எழுதிய பாஸ்கல் அதை அச்சுக்குக் கொடுக்கவில்லை. அவர் வாழ்க்கை வேறு பக்கம் திரும்பிவிட்டது.

1651இல் அப்பா இறந்தார். தங்கை ஜாக்குலின், போர் ரோயால் மடத்தில் துறவியாகப் போவேன் என்றார். அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. மடத்துக்குக் கொடுக்க வேண்டிய சொத்து விஷயத்தில் இருவருக்கும் மனக்கசப்பு வந்தது. 1652இல் தங்கை போயே விட்டார். பாஸ்கல் கடைசியில் விட்டுக்கொடுத்தார். 1654இல் ஃபெர்மாவோடு கடிதம் எழுதிக்கொண்டு, பாதியில் நின்றுபோன சூதாட்டத்தில் பணத்தை எப்படிப் பிரிப்பது என்று யோசித்தார். நிகழ்தகவு என்று இன்று பள்ளியில் படிப்பது அங்கேதான் உருவானது.

அதே வருடம் நவம்பர் 23ஆம் தேதி இரவு, பத்தரை மணியில் இருந்து சுமார் இரண்டு மணி நேரம், அவருக்கு ஒரு ஆழமான ஆன்மிக அனுபவம் ஏற்பட்டது. அதை எழுதி, தன் கோட்டின் உட்புறத்தில் தைத்து வைத்துக்கொண்டார். யாரிடமும் சொல்லவில்லை. அதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பாலத்தில் அவர் வந்த வண்டியின் குதிரைகள் கீழே விழ, வண்டி மட்டும் விளிம்பில் நின்றதாக ஒரு கதை உண்டு. பிரேக் கட்டுரைக்கு எவ்வளவு பொருத்தமான கதை! ஆனால் அதற்கு வலுவான ஆதாரம் இல்லை.

அதன்பின் அவர் எழுத்தில் பெரும்பகுதி சமயம் சார்ந்தது. 1656, 57இல் புனைபெயரில் எழுதிய கடிதங்கள் பிரான்சையே கலக்கின. அறிவியலை முழுக்க விட்டுவிடவும் இல்லை, 1658இல் சைக்ளாய்டு வளைவு பற்றி மறுபடி கணிதம் எழுதினார். உடம்பு மட்டும் ஒத்துழைக்கவே இல்லை. 1661 அக்டோபரில் ஜாக்குலின் இறந்தார்.

ஐந்து சூ கொடுத்தால் பாரிசில் சவாரி

கடைசி வருடத்தில் அவர் செய்ததுதான் ஆச்சரியம். சொந்த வண்டி வைத்திருப்பவர்கள் மட்டும்தான் ஊரைச் சுற்ற முடியுமா? குறிப்பிட்ட வழி, குறிப்பிட்ட கட்டணம், ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நேரத்துக்குக் கிளம்பும் வண்டி. நண்பர் ரோவான்னே பிரபு உள்ளிட்டோருடன் சேர்ந்து அரச அனுமதி வாங்கினார். 1662 மார்ச் 18ஆம் தேதி, செயின்ட் அந்துவான் வாசலில் இருந்து லக்சம்பர்க் அரண்மனை வரை முதல் வழித்தடம் தொடங்கியது. ஏழு குதிரை வண்டிகள், ஒவ்வொன்றிலும் எட்டு இருக்கை, கட்டணம் ஐந்து சூ. கூட்டம் அலைமோதியது. இடம் கிடைக்காமல் பலர் திரும்பினார்கள். சில மாதங்களில் ஐந்து வழித்தடம் ஆனது.

ஒரு கசப்பான விஷயம், சிப்பாய்கள், வேலைக்காரர்கள், கூலித் தொழிலாளிகள் ஏறக் கூடாது என்று பாரிஸ் நாடாளுமன்ற நீதிமன்றம் கட்டுப்பாடு போட்டது. பொது வண்டி என்று பெயர், ஆனால் உழைக்கிற ஆளுக்கு இடமில்லை. இதற்கிடையே புளுவா பகுதி ஏழைகள் பஞ்சத்தில் தவிப்பதாகச் செய்தி வர, தனக்கு வர வேண்டிய பங்கில் முன்பணம் கொடுத்தால் அவர்களுக்கு அனுப்பலாம் என்று பாஸ்கல் கேட்டதாக அக்கா எழுதியிருக்கிறார். அது நடக்கவில்லை.

அவர் வீட்டில் ஒரு ஏழைக் குடும்பத்துக்கு இடம் கொடுத்திருந்தார். அந்த வீட்டுப் பையனுக்கு அம்மை கண்டது. தன்னைப் பார்க்க வரும் அக்கா மூலமாக அவர் பிள்ளைகளுக்கும் தொற்றிவிடுமே என்ற கவலை. நோயாளிப் பையனை வெளியேற்ற பாஸ்கலுக்கு மனம் வரவில்லை. தானே கிளம்பி அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். அங்கேயே ஆகஸ்ட் 19ஆம் தேதி இறந்தார். பாரிசில் செயின்ட் எத்தியேன் து மோன் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

கோட்டுக்குள் தைத்திருந்த காகிதத்தை அதற்குப் பிறகுதான் வீட்டு வேலைக்காரர் ஒருவர் கண்டெடுத்தார். திரவங்கள் பற்றிய நூல் அடுத்த வருடம், 1663இல் அச்சாகி வெளிவந்தது. அதைப் பதிப்பித்தவர், பதினைந்து வருடங்களுக்கு முன்னால் அவருக்காகப் பாதரசக் குழாயோடு மலை ஏறிய அதே பெரியே.